சிங்கப்பூரில் தமிழுக்காகப் பைத்தான் நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். பிழைதிருத்தி, எழுத்துணரி, யாப்பு சரிபார்க்கும் கருவி, தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கான சொல் விளையாட்டு, பழைய குறியேற்றத்தில் கிடக்கும் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் நிரல் என்று உங்களில் பலர் வார இறுதிகளில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். திங்கள் முதல் வெள்ளிவரை வங்கிக்கோ தளவாட நிறுவனத்துக்கோ உழைத்துவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்தைத் தமிழுக்குக் கொடுக்கிறீர்கள். அந்த நிரல்களை நானும் பயன்படுத்துகிறேன். சிலவற்றை டெபியன் லினக்ஸுக்குப் பொதியாக, அதாவது ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளக்கூடிய பேக்கேஜாக, கட்டவும் முயன்று வருகிறேன். கட்டும்போது திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் முட்டிக்கொள்வதால்தான் இந்த மடல். தனித்தனியே எழுதினால் ஒருவரைப் பிடித்துக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நான் கேட்பது ஒன்றுதான். டெபியன், உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் வழங்கல் (டிஸ்ட்ரிபியூஷன்) எடுத்துக் கட்டிக்கொள்ளக்கூடிய வகையில் உங்கள் செயலியை வெளியிடுங்கள். பொதியை நீங்களே கட்ட வேண்டியதில்லை, அதற்கு என்னைப் போன்ற ஆட்கள் இருக்கிறோம். கட்டுவதற்கு வழி விட்டால் போதும்.

பைத்தானின் நிறுவும் கருவியான பிப்பை வைத்து 'பிப் இன்ஸ்டால்' என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறோமே, அது போதாதா என்று கேட்பீர்கள். நிரல் எழுதுபவருக்குப் போதும், பயன்படுத்துபவருக்குப் போதாது. 2023 ஜூனில் டெபியன் 12 வந்ததிலிருந்து அந்த வரியை அப்படியே அடித்தால் கணினி மறுத்துவிடுகிறது. இந்தச் சூழலை வேறொருவர் பராமரிக்கிறார், நீங்கள் கை வைக்க வேண்டாம் என்ற பொருளில் நீளமாக ஒரு பிழைச்செய்தி வரும். உபுண்டுவில் 23.04 பதிப்பிலிருந்து இதே கதை. பெப் 668 என்ற பைத்தான் முன்மொழிவின்படி வழங்கல்கள் போட்ட பூட்டு அது. காரணமும் நியாயமானதுதான். இந்த வழங்கல்களின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன. சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, பிப் ஒரு நிரலகத்தை மாற்றி வைத்தால், நாளைக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கருவி படுத்துவிடும்.

பூட்டை உடைக்கவும் ஒரு வழி இருக்கிறது. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று அந்த ஆப்ஷனுக்குப் பெயர் வைத்ததே மிரட்டுவதற்குத்தான். ஆனாலும் நம் செயலிகளின் ரீட்மீ கோப்புகளில் அதையே நிறுவும் முறையாக எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். செயலிக்கென்று தனிப் பைத்தான் சூழலான வென்வ் உருவாக்கச் சொல்வதும், அதைத் தானே செய்துகொள்ளும் பிப்எக்ஸ் போடச் சொல்வதும் பரவாயில்லை. எனக்கும் உங்களுக்கும் அது இரண்டு நிமிட வேலை. மற்றவர்களுக்கு?

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, ஓய்வுபெற்றவர், பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறார். சொற்பயிற்சிச் செயலி ஒன்றை அவருடைய பேரன் வென்வ் வைத்து நிறுவிக் கொடுத்துவிட்டு மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டான். மின்ட் 21-ஐ 22-க்கு மேம்படுத்தியதும் செயலி திறக்கவில்லை. பைத்தான் 3.10 போய் 3.12 வந்திருந்தது. வென்வ் இன்னும் பழைய பைத்தானைத் தேடிக்கொண்டு நின்றது. அந்த அம்மாவிடம் இதை எப்படி விளக்குவது? செயலி பொதியாக இருந்திருந்தால், கணினி மேம்படும்போதே அதுவும் சேர்ந்து மேம்பட்டிருக்கும். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவே வேண்டாம்.

அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். "சிங்கப்பூரில் யாருங்க லினக்ஸ் வைத்திருக்கிறார்கள்? எல்லாம் விண்டோஸ், மேக், ஐபேட்தானே?" சரி, எண்ணிப் பாருங்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட வைக்கும் டபிள்யூஎஸ்எல்லைப் போட்டால் இயல்பாக வருவது உபுண்டு. குரோம்புக்கில் லினக்ஸ் வசதியைத் திறந்தால் வருவது டெபியன். ராஸ்பெரி பை வாங்கிச் சோதனை செய்யும் பிள்ளைகள் பயன்படுத்துவது டெபியன் வழிவந்த இயங்குதளம். டெபியனில் ஒரு பொதி ஒருமுறை ஏறிவிட்டால் உபுண்டு தன் அடுத்த பதிப்புக்கு அதை இழுத்துக்கொள்ளும், அங்கிருந்து மின்ட்டுக்கும் போகும். ஓர் இடத்தில் வேலை செய்தால் இத்தனை வாசல் திறக்கிறது. தமிழ் அங்கே புதிதாகக் குடியேற வேண்டியதும் இல்லை. லோகித் தமிழ் எழுத்துரு, நோட்டோ எழுத்துருக்கள், டெசெராக்ட் எழுத்துணரியின் தமிழ்த் தரவு, தமிழ்99 விசைப்பலகை, லிப்ரெஆபிஸின் தமிழ் இடைமுகம் எல்லாமே டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட்டில் இருக்கின்றன. அவற்றின் மேல் நின்று வேலை செய்யும் செயலிகள்தான் குறைவு. அவை உங்கள் கைகளில் இருக்கின்றன.

பொதி கட்டுவதில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் கேட்பவை புரியும். முதலில் இதை நான் கட்டப்போகிறேன் என்று பிழைப் புகார்களுக்கான டெபியனின் வழுப்பதிவில் ஓர் அறிவிப்பு போடுவோம், ஐடிபி என்பார்கள். அப்புறம் உங்கள் மூலநிரலை எடுத்து, அதற்குள் 'டெபியன்' என்று ஓர் அடைவு போட்டு, கன்ட்ரோல், ரூல்ஸ், காப்பிரைட், சேஞ்ச்லாக் என்று சில கோப்புகளை எழுதுவோம். செயலியின் பெயர், பதிப்பு, அதற்குத் தேவையான பிற நிரலகங்கள் (சார்புகள்) ஆகியவற்றைச் சொல்லும் உங்கள் பைப்ராஜெக்ட்.டாமெல் கோப்பு ஒழுங்காக இருந்தால் ரூல்ஸ் கோப்பு சில வரிகளில் முடிந்துவிடும், மீதியைப் பைபில்ட் என்ற கருவி பார்த்துக்கொள்ளும். ஃபெடோரா என்ற வேறொரு வழங்கலிலும் சார்புகளை உங்கள் கோப்பிலிருந்தே படித்துக்கொள்ள மேக்ரோக்கள் வைத்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் ஒரு கோப்பைச் சரியாக எழுதினால் இரண்டு பக்கமும் வேலை குறைகிறது.

எழுதி முடித்ததும், வேறெதுவும் நிறுவப்படாத சுத்தமான ஒரு சூழலில் கட்டிப் பார்ப்போம். அங்கே இணையம் கிடையாது. கட்டும்போது வெளியிலிருந்து எதையும் இறக்கக்கூடாது என்பது டெபியனின் கொள்கை. உங்கள் சோதனைகளும் அதே இடத்தில்தான் ஓடும். தேறினால், பதிவேற்றும் உரிமை உள்ள ஒருவர் பார்த்து ஏற்றுவார். பிறகு புதிய பொதிகளுக்கான வரிசையில் காத்திருக்க வேண்டும். அங்கே இருக்கும் தன்னார்வலர்கள் உரிமங்களைக் கோப்பு கோப்பாகப் பார்ப்பார்கள். அதைத் தாண்டினால் அன்ஸ்டேபிள் என்ற முதல் தொகுப்பு, சில நாள் கழித்து டெஸ்டிங் என்ற சோதனைத் தொகுப்பு, அப்புறம் அடுத்த நிலையான வெளியீடு.

நம் செயலிகள் இந்தப் பாதையில் எங்கே மாட்டுகின்றன? பழைய செட்டப்.பை கோப்பிலேயே சில நின்றுவிடுகின்றன. 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-இல் அந்தக் கோப்புகள் நம்பியிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டுவிட்டது. செட்டப்டூல்ஸ் நிறுவியிருந்தால் அது ஒரு மாற்று கொடுத்துக் காப்பாற்றும், ஆனால் எத்தனை நாளைக்கு? சோதனைகளை இன்னும் நோஸ் என்ற பழைய கருவி வைத்து ஓட்டுபவர்களும் இருக்கிறீர்கள். நோஸுக்கு 2015-க்குப் பிறகு புதிய பதிப்பே இல்லை. இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் தீரும் விஷயங்கள், நீட்டி முழக்க வேண்டாம்.

சார்புகள் விஷயம் அப்படியல்ல. ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு நிரலகத்துக்கும் இரட்டைச் சமக்குறி போட்டு ஒரே பதிப்பில் ஆணியடித்து, அதையே அப்படியே செயலியின் சார்புப் பட்டியலாகவும் வைத்துவிடுகிறீர்கள். எண் கணக்கீட்டு நிரலகமான நம்பையில் '1.24.3 மட்டும்' என்று ஒரு செயலி கேட்கிறது. டெபியன் 13-இல் இருப்பது பைத்தான் 3.13, நம்பை 2.2 வரிசை. கேட்ட நம்பை அந்தப் பைத்தானில் ஓடவே ஓடாது. திறந்து பார்த்தால் செயலி நம்பையில் பயன்படுத்துவது சராசரி காண்பதற்கு ஒரே ஒரு ஃபங்ஷனை! கல்யாண விருந்துக்கு வந்து, எங்கள் வீட்டு உப்பு போட்டால்தான் சாப்பிடுவேன் என்கிற மாதிரி இருக்கிறது. உங்கள் சொந்த சர்வரில் எல்லாம் அசையாமல் இருக்க, பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் பைப்ராஜெக்ட்.டாமெல்லில் உண்மையிலேயே தேவைப்படும் குறைந்தபட்சப் பதிப்பை மட்டும் சொல்லுங்கள். மேல் எல்லை வைப்பதென்றால், உடையும் என்று தெரிந்த இடத்தில் மட்டும் வையுங்கள்.

வழங்கலில் ஒரு நிரலகத்துக்குப் பெரும்பாலும் ஒரே பதிப்புதான் இருக்கும். இது பிடிவாதம் இல்லை. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற பட நிரலகத்தில் மோசமான பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்தது ஞாபகம் இருக்கலாம், குரோமிலிருந்து எல்லா உலாவிகளும் அவசரமாகப் புதுப்பித்தன. பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ, பிப் இறக்கும் இடமான பைபிஐயில் வரும் அதன் வீல் (முன்கூட்டியே கட்டிய) கோப்புகளுக்குள் லிப்வெப்பியின் பிரதி ஒன்றைச் சுமந்துகொண்டு வருகிறது. அதைச் சரிசெய்து பில்லோ 10.0.1 வந்தது. எழுத்துணரிச் செயலிகள் எல்லாவற்றிலும் பில்லோ இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பில்லோ 9-இல் ஆணியடித்து வைத்திருந்த செயலியை வென்வ் வழியாக நிறுவியவர் இன்றுவரை அந்த ஓட்டையோடுதான் இருக்கிறார். டெபியனில் பில்லோ கணினியின் பொதுவான லிப்வெப்பியையே பயன்படுத்துகிறது. லிப்வெப்பியை ஓர் இடத்தில் சரிசெய்தார்கள், அதன் மேல் நிற்கும் அத்தனை செயலிகளுக்கும் அன்றைக்கே தீர்ந்தது. செயலி எழுதியவர் தூங்கிக்கொண்டிருந்தாலும், தமிழையே விட்டுவிட்டு ரஸ்ட் கற்கப் போயிருந்தாலும்.

அடுத்தது, நிரல் இருக்கும் அடைவிலேயே எழுதும் பழக்கம். பயனர் சேர்த்த சொற்கள், மதிப்பெண், அமைப்புகள் எல்லாவற்றையும் நிரல் கோப்புக்குப் பக்கத்தில் ஜேசன் கோப்பாக எழுதிவிடுகிறீர்கள். உங்கள் மேசையில் ஓடும். பொதியாக வரும்போது நிரல் யூஎஸ்ஆர் அடைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. ஒரே கணினியை நான்கு பிள்ளைகள் பயன்படுத்தும் துணைப்பாட வகுப்பில், அனுமதி இருந்தாலும் ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் தலையில் விழும். பயனரின் வீட்டு அடைவில் இவற்றுக்கென்று இடம் இருக்கிறது. பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்ற சிறிய நிரலகம் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் அந்த இடத்தைச் சரியாகச் சொல்லிவிடும். செயலியோடு வரும் சொற்பட்டியலைப் படிக்க இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ் பைத்தானிலேயே இருக்கிறது.

முதல்முறை திறக்கும்போது எங்கிருந்தோ பெரிய மாதிரிக் கோப்பு (மாடல்) ஒன்றை இறக்கிக்கொள்ளும் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயனரைக் கேட்காமல் இறக்குவது எனக்குப் பிடிக்காது, ஆனால் அது என் கருத்து என்று விட்டுவிடலாம். கோப்பு ஏற்கெனவே வட்டில் இருந்தால் இந்தப் பாதையிலிருந்து எடுத்துக்கொள் என்று சொல்ல ஓர் ஆப்ஷனாவது கொடுங்கள். எல்லா அலுவலக வலையமைப்பும் வெளி இணையத்தைத் திறந்து வைத்திருப்பதில்லை.

இனி, எனக்கு அதிகமாகத் தலைவலி கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உரிமம்.

நிரலுக்கு உரிமம் வைக்காமலே வெளியிடுகிறவர்கள் உண்டு. எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்ற நல்ல மனம்தான், ஆனால் சட்டப்படி விளைவு தலைகீழ். உரிமம் எதுவும் சொல்லாவிட்டால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே, பிரதியெடுத்து வழங்க எனக்கு அனுமதி இல்லை. எம்ஐடியோ, ஜிபிஎல்லோ, அப்பாச்சியோ, உங்களுக்குப் பிடித்த ஒன்றை முழுவாசகத்தோடு ஒரு கோப்பாகப் போட்டுவிடுங்கள். இது எளிது.

தரவுதான் சிக்கல். தமிழ்ச் செயலியின் உயிர் நிரலில் பாதி என்றால் தரவில் பாதி. சொற்பட்டியல், வேர்ச்சொற்கள், பெயர்ப்பட்டியல், உச்சரிப்பு ஒலிகள், எழுத்துரு. இவற்றை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஒரு செயலியைத் திறந்தால் உள்ளே விண்டோஸோடு வரும் லதா எழுத்துரு இருக்கும். அது மைக்ரோசாஃப்ட்டின் சொத்து, நீங்களும் வழங்க முடியாது, நானும் முடியாது. அதைத் தூக்கிவிட்டு நோட்டோ தமிழைப் பயன்படுத்துங்கள். ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் இருக்கிறது, டெபியனின் நோட்டோ எழுத்துருப் பொதியிலும் இருக்கிறது. செயலியோடு சுமக்கவே வேண்டாம், 'இந்த எழுத்துரு வேண்டும்' என்று நான் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். சொற்பட்டியல் என்றால், ஏதோ ஓர் அகராதித் தளத்திலிருந்து நிரல் வைத்து உருவியது என்று கமிட் செய்தியில் நீங்களே எழுதியிருப்பீர்கள். அந்தத் தளம் அனுமதி கொடுத்ததா என்று புதுப்பொதி வரிசையில் கேட்பார்கள். என்னிடம் பதில் இருக்காது, பொதி திரும்பி வரும். விக்சனரியிலிருந்து எடுத்தால் அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமப்படி மூலத்தைச் சொல்லி, அதே உரிமத்தில் கொடுத்தால் போதும். ஆனால் சொல்ல வேண்டும். எந்தக் கோப்பு எங்கிருந்து, எப்போது, எந்த உரிமத்தில் எடுக்கப்பட்டது என்று தரவு அடைவில் ஒரு சின்னக் குறிப்பு இருந்தால் எனக்குப் பல வார வேலை மிச்சம்.

'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று போடுகிறவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. யாரோ ஒரு பெரிய நிறுவனம் நம் உழைப்பை எடுத்துக் காசு பண்ணிவிடக்கூடாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் 1997-இல் டெபியன் எழுதி வைத்த கட்டற்ற மென்பொருள் வழிகாட்டுதல்களில், எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் உரிமம் தடுக்கக்கூடாது என்று இருக்கிறது. அதனால் அப்படிப்பட்ட தரவு முதன்மைத் தொகுப்புக்குள் போக முடியாது. விதியை விடுங்கள். சிங்கப்பூரில் உங்கள் சொற்பயிற்சிச் செயலி யாருக்கு அதிகம் பயன்படும்? துணைப்பாட நிலையங்களுக்கு. தெக்காவிலோ உட்லண்ட்ஸிலோ மாதக் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்தும் ஒருவர் செய்வது வணிகம்தானே? பெரிய நிறுவனத்துக்கு வைத்த வேலியில் முதலில் சிக்குவது அவர்தான். பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் கவலைக்கு இதைவிட நல்ல மருந்து.

சிங்கப்பூர்க்காரர்களுக்கே உரிய இரண்டு வழுக்களையும் சொல்லாமல் விட மனமில்லை. சோதனைகளில் நேர வலயத்தை வெறும் 'சிங்கப்பூர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய பெயர். டெபியன் 13-இல் இப்படிப்பட்ட பழைய பெயர்களை லெகசி என்ற தனிப் பொதிக்குப் பிரித்துவிட்டார்கள், அது எல்லாக் கணினியிலும் இருக்காது. 'ஆசியா/சிங்கப்பூர்' என்று எழுதுங்கள். இன்னொன்று லோக்கேல், அதாவது மொழியும் நாடும் சேர்ந்த கணினி அமைப்பு. தமிழ்-சிங்கப்பூர் என்று லோக்கேல் வைத்து அகரவரிசையைச் சோதிக்கிறீர்கள். மேக்கில் ஓடியிருக்கலாம். டெபியன் 12-இல் தமிழுக்கு இந்தியா, இலங்கை என்று இரண்டு லோக்கேல்தான் உண்டு. நாங்கள் கட்டும் சுத்தமான சூழலில் அவைகூட இருக்காது, எந்த மொழியையும் சாராத சி.யூடிஎஃப்-8 மட்டும்தான். நம் நாட்டில் ஆட்சிமொழியாக இருந்தும் அங்கே இடமில்லாததைப் பற்றி வருத்தப்படலாம், யாராவது சேர்க்க முன்வரவும் வேண்டும். அதுவரை வரிசைப்படுத்தலுக்கு லோக்கேலை நம்பாமல் எழுதுவதே நல்லது.

வெளியீடுகளுக்கு, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் குறி இடுங்கள். 'இப்போதைய மெயின் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது எனக்கு உதவாது. எந்த நாளின் மெயின்? குறியிட்ட பதிப்பு இருந்தால், புதிதாக ஒன்று வந்ததும் டெபியனின் கருவிகள் தானே கண்டுபிடித்து எனக்குச் சொல்லும். கைப்பட உருவாக்கிய டார் கோப்பை விடக் கிட் குறியையே நான் விரும்புவதற்குக் காரணம் 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம். அந்தச் சுருக்கக் கருவியின் வெளியீட்டு டார் கோப்புகளில், கிட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு துண்டு சேர்க்கப்பட்டு, அதன் வழியாகத்தான் பின்வாசல் திறக்கப்பட்டிருந்தது. உங்களை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருப்பது எல்லோருக்கும் நிம்மதி.

எனக்கு எதிராக நீங்கள் சொல்லக்கூடியவற்றில் ஒன்று முழுக்க உண்மை. டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிள் மெதுவானது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13-இல் ஏறிய பதிப்பே அடுத்த வெளியீடுவரை இருக்கும். எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் 2030 வரை சிலர் அதையே பயன்படுத்துவார்கள். நீங்கள் போன வருடமே சரிசெய்த வழுவைப் பற்றி யாரோ புதிதாகப் புகார் எழுதுவார்கள். எரிச்சல்தான். அந்தப் புகார்களை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது பொதி கட்டியவர். டெபியனுக்கென்று தனி வழுப்பதிவு இருப்பது அதற்குத்தான். வழுப் புகார் வார்ப்புருவில் 'ஆப்ட் வழியாக நிறுவினீர்களா' என்று ஒரு கேள்வி வைத்து, ஆம் என்றால் எங்கள் பக்கம் அனுப்பிவிடுங்கள். மாதம் ஒரு பதிப்பு விட்டு, இடைமுகத்தையே மாற்றிக்கொண்டிருக்கும் இளம் செயலி என்றால் இப்போதைக்குப் பொதி வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். பிப்எக்ஸிலோ, வழங்கல் எதையும் சாராத ஃப்ளாட்பேக்கிலோ கொஞ்ச காலம் ஓடட்டும். ஓரளவு நிலைத்துவிட்ட, நீங்களே ஆறு மாதமாகத் திறந்து பார்க்காத செயலிகள்தான் எனக்கு முதலில் வேண்டும். அவைதான் சத்தமில்லாமல் சாகின்றன.

சாவது பற்றி நம் ஊருக்குத் தெரியும். 1990-களில் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழை இணையத்தில் ஏற்றியது இங்கிருந்துதான். தமிழ்நெட் 97 மாநாடு இங்கே நடந்தது, 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் இங்கேதான் தொடங்கப்பட்டது. டிஸ்கி, டேம், டேப் என்று குறியேற்றங்கள் மல்லுக்கட்டிய காலம் அது. அன்றைக்கு அச்சுக்குத் தட்டிய ஆண்டுமலர்களும் நாடகப் பிரதிகளும் பழைய வட்டுகளில் இன்னும் கிடக்கின்றன. திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றும் பைத்தான் நிரல்களை உங்களில் சிலர் எழுதி வைத்திருக்கிறீர்கள், நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஒரு தனிநபரின் கணக்கில், ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. அந்தக் கணக்கு மூடினால் போச்சு. டெபியனில் ஏறிய ஒவ்வொரு பொதியின் ஒவ்வொரு பதிப்பையும் ஸ்னாப்ஷாட் என்ற சேவை 2005-லிருந்து சேர்த்து வைத்திருக்கிறது. மூலநிரலும் சேர்த்துத்தான். 2040-இல் ஒரு சங்கத்தின் பழைய வட்டைத் திறக்க நினைக்கும் ஒருவருக்கு உங்கள் மாற்றி கிடைக்க வேண்டுமென்றால், அங்கே ஒரு பிரதி இருப்பது நல்லது. என் கணக்கில், எல்லாவற்றுக்கும் முன்னால் கட்ட வேண்டியவை இந்தக் குறியேற்ற மாற்றிகள்தான்.

நடைமுறைக்கு வருவோம். வழக்கமான இரண்டாண்டுச் சுற்றுப்படி பார்த்தால் டெபியன் 14 2027-இல் வர வேண்டும். வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பே புதிய பொதிகளுக்குக் கதவு மூடிவிடும். 13-க்கு 2025 வசந்தத்திலேயே படிப்படியாக உறைய வைத்தார்கள். புதுப்பொதி வரிசையில் எவ்வளவு நாள் ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இந்த ஆண்டே தொடங்கினால் பதறாமல் செய்யலாம்.

உங்களிடமிருந்து முதலில் எனக்கு இரண்டே இரண்டு வேண்டும்: நிரலுக்கும் தரவுக்கும் உரிமக் கோப்பு, குறியிட்ட ஒரு வெளியீடு. மற்றதெல்லாம், அதாவது செட்டப்.பையை மாற்றுவது, ஆணிகளைத் தளர்த்துவது, பாதைகளைச் சரிசெய்வது, இவற்றையெல்லாம் என்னால் முடிந்தவரை பேட்ச்சாகவே அனுப்புகிறேன். பிடித்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதி கட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் இருந்தால் ஒரு சனிக்கிழமை மதியம் ஏதாவது ஒரு சமூக மன்றத்தில் அறை எடுத்து உட்காரலாம். மடிக்கணினியும், ஏற்கெனவே நிரலாக இருக்கும் ஒரு சின்னச் செயலியும் கொண்டுவந்தால் போதும், ஐடிபி போடுவதுவரை சேர்ந்தே செய்துவிடுவோம். என் செயலியைக் கட்ட வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்ததற்குப் போய்விடுவேன், மனத்தாங்கல் இருக்காது. ஏற்கெனவே நான் அனுப்பிய வழுக்குறிப்புகளில் சில உங்கள் களஞ்சியங்களில் பதில் இல்லாமல் கிடக்கின்றன, முடிந்தால் அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
டெபியனுக்குப் பொதி கட்டும் ஒரு தமிழன்
ஈசூன், சிங்கப்பூர்